பிரெஞ்சு பேச மூக்கு போதுமா?

வணக்கம். ஆங்கிலம் சரளமாகப் பேசுவேன், இப்போது பிரெஞ்சு படிக்கிறேன். நான் வாயைத் திறந்தாலே ஆங்கில வாடை அடிக்கிறது என்கிறார் ஆசிரியை. எழுத்துகள் ஒன்றுதானே, கொஞ்சம் மூக்கால் பேசினால் சரியாகிவிடாதா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மூக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நமக்கு அது ஏற்கெனவே வரும். 'அவன் வந்தான்' என்று எழுதுகிறோமே தவிர, பேச்சில் கடைசி 'ன்' எங்கே முழுசாக வருகிறது? உயிரொலி மூக்கு வழியாகக் கசிந்து முடிந்துவிடுகிறது. பிரெஞ்சில் 'நல்ல' என்பதற்கான 'போன்' அப்படித்தான், நாக்கு மேலே போய்த் தொடக்கூடாது. தொட்டால் பெண்பால் வடிவமாகக் கேட்கும்.

உங்கள் ஆசிரியைக்கு உறுத்துவது வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆங்கிலேயர் 'பாரிஸ்' என்று சொல்லும்போது வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் அது ஆடும், அவ்வளவு காற்று வெளியே வரும். பிரெஞ்சில் அந்தக் காற்று கிடையாது, நம் 'ப' மாதிரிதான். 'டேபிள்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நாக்கு பல்லுக்குப் பின்னால் மேட்டில் படும், நாம் அதை 'ட' ஆக்கிக்கொண்டோம். பிரெஞ்சில் நாக்கு பல்லையே தொடும், ஆகவே 'தாப்ல்'. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் இங்கேயும் 'ட'வைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நேராகத் தமிழிலிருந்து போனால் பாதி வேலை மிச்சம்.

அதைவிடப் பெரிய விஷயம் அழுத்தம். ஆங்கிலத்தில் 'போட்டோகிராப்' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'போட்டோகிராபி' என்றால் இரண்டாவதுக்குத் தாவிவிடும், அழுத்தம் போன இடத்தில் உயிரொலி மங்கி 'அ'வுக்கும் 'எ'வுக்கும் நடுவே ஏதோ ஒன்றாகிவிடும். பிரெஞ்சில் உயிரொலி அப்படி மங்குவதில்லை, 'ஃபோ-தோ-க்ரா-ஃபீ' என்று ஒரே சீராகப் போய், தொடரின் கடைசி அசையில் மட்டும் சற்று நீளும். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுவார்கள், வருத்தப்படாதீர்கள். உயிரொலியும் அப்படித்தான், பிரெஞ்சில் 'ஓ' என்றால் கடைசிவரை 'ஓ'தான். ஆங்கிலத்தில் 'போ' என்பதற்கான 'கோ' போல முடிவில் 'உ' பக்கம் சரியாது.

நிஜமாகவே புதிதாகப் பழக வேண்டியவை கொஞ்சம்தான். உள்நாக்குப் பக்கம் உரசி வரும் 'ர', அப்புறம் 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டைக் குவிக்கும் அந்த உயிர். அதற்குப் பதில் 'ஊ' போட்டால் பிரெஞ்சில் 'நீ' என்பதற்கான சொல் 'எல்லாம்' என்பதற்கான சொல்லாகிவிடும். இதற்கு ஆங்கிலமும் உதவாது, தமிழும் உதவாது, கண்ணாடிதான் உதவும்.