ஜி.டி.டி.யில் 230 என்று போட்டிருந்தால் 230-இல் ஃபயர் ஆகுமா?

நியான் பல்பு, ஸ்பார்க் கேப், ஜி.டி.டி. (சர்ஜ் எனும் திடீர் மின்னெழுச்சியிலிருந்து காக்கும் வாயுக் குழாய்) ஆகியவற்றின் சர்க்யூட் சிமுலேஷன் பற்றிய சந்தேகங்களுக்கு இந்த முறையும் பதில். ஃபயர் ஆவது என்றால், இடையிலுள்ள வாயு உடைந்து கரண்ட் பாயத் தொடங்குவது. முன்பே பல முறை சொன்னதுதான்: நெட்லிஸ்டை (சர்க்யூட்டின் உறுப்புகளையும் இணைப்புகளையும் சொல்லும் டெக்ஸ்ட் ஃபைலை) அனுப்புங்கள். மானிட்டரை மொபைலில் படம் பிடித்து, 'வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

எல்டிஸ்பைஸ் சிமுலேட்டரில் நியான் பல்பு தனியாக இருக்கிறதா?

இருக்கிறது. 'மிஸ்க்' ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

அந்த நியானை வைத்து, 150 வோல்ட், 10 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் கொண்டு மின்னும் விளக்கு போட்டேன். மின்னாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. சாஃப்ட்வேர் பிழையா?

சாஃப்ட்வேரைத் திட்டுவதற்கு முன் ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். பல்பு 60 வோல்ட்டில் நின்றால், மீதி 90 வோல்ட் 10 கிலோ ஓம் வழியாக 9 மில்லியாம்பியர் ஊட்டுகிறது. அப்புறம் அது எப்படி அணையும்? 1 மெகா ஓம் போடுங்கள். 90-இல் பற்றி 60-இல் அணையும் பல்பு என்றால் விநாடிக்கு 25 முறை போல மின்னும்.

ஸ்பார்க் கேப் ஃபயர் ஆகும் இடத்தில் 'டைம்ஸ்டெப் டூ ஸ்மால்' என்று சிமுலேஷன் நின்றுவிடுகிறது. டாலரன்ஸை (கணக்கில் அனுமதிக்கும் பிழையை) எவ்வளவு தளர்த்தலாம்?

டாலரன்ஸில் கை வைக்காதீர்கள். உங்கள் சர்க்யூட்டில் 4 கிலோவோல்ட் சோர்ஸ் நேராக கேப்பின் மேல் இருக்கிறது; கேப்புக்கு மாடலாக வைத்த ஸ்விட்சின் ஆன் ரெசிஸ்டன்ஸ் 1 மில்லி ஓம். அதாவது 40 லட்சம் ஆம்பியர். சோர்ஸ் இம்பிடன்ஸ் போடுங்கள். சர்ஜ் சோதனைக்கான ஐ.இ.சி. 61000-4-5 தரநிலையின் ஜெனரேட்டருக்கு 2 ஓம். 4 கிலோவோல்ட் என்றால் ஷார்ட்டில் 2 கிலோஆம்பியர், அவ்வளவே. கேப்புக்கு இணையாக 1 பிகோஃபாரட், தொடரில் சில நானோஹென்றி வையுங்கள். நிஜ உறுப்பிலும் அவை உண்டு. ஸ்விட்ச் மாடலில் ஹிஸ்டெரிசிஸை (மூடும், திறக்கும் எல்லைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை) நெகட்டிவாகக் கொடுத்தால் மாற்றம் வழுவழுப்பாக நடக்கும். ஆனால் அப்போது ஹிஸ்டெரிசிஸே போய்விடும், அதை மறக்காதீர்கள்.

230 வோல்ட் ஜி.டி.டி.க்கு ஸ்விட்ச் மாடலில் த்ரெஷோல்டு (மூடும் எல்லை) 230 போட்டேன். சர்ஜ் கொடுத்தும் பின்னால் உள்ள ஐ.சி.க்கு 230-க்கு மேல் போகவே இல்லை. பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'முழுப் பாதுகாப்பு' என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். மாதாமாதம் யாராவது ஒருவர் இதையே கேட்கிறார். டேட்டாஷீட்டின் முதல் வரியைத் தாண்டி ஏன் யாருக்கும் கண் போவதில்லை?

அந்த 230 என்பது டி.சி. மதிப்பு. வோல்டேஜை விநாடிக்கு 100 வோல்ட் என்ற மாதிரி வேகத்தில், ஆற அமர ஏற்றி அளந்தது. அதிலும் 20 சதவீதம் கூடக்குறைய இருக்கும். அதே டேட்டாஷீட்டில் இரண்டு வரி கீழே பாருங்கள்: மைக்ரோசெகண்டுக்கு 100 வோல்ட் ஏறினால் சுமார் 400, 1 கிலோவோல்ட் ஏறினால் சுமார் 650. வாயுவில் முதல் எலக்ட்ரான் கிடைக்க வேண்டும், அது பெருக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கிறது, அதற்குள் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் ஐ.சி. பார்க்கப்போவது அந்த 650-ஐ.

சரி, மாடல் எப்படி? ஸ்விட்சின் கண்ட்ரோல் நோடுக்கு முன் ஓர் ஆர்.சி. (ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் தாமதம்) வையுங்கள். 0.7 மைக்ரோசெகண்ட் கொடுத்தால் வேகமான ஏற்றத்தில் 650 வந்துவிடும். ஆனால் அதே ஆர்.சி., 100 வோல்ட் ஏற்றத்தில் 300-தான் காட்டும். இரண்டும் ஓரளவு பொருந்த வேண்டுமா? 230-க்கு மேற்பட்ட பகுதியை மட்டும் இண்டகிரேட் செய்து, பரப்பு 90 வோல்ட்-மைக்ரோசெகண்டைத் தொட்டதும் ஃபயர் செய்யுங்கள். 650-உம் வரும், 360-உம் வரும். பரப்பை உங்கள் டேட்டாஷீட்டை வைத்து நீங்களே சரிசெய்யுங்கள். என் எண்ணை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம்.

இன்னொன்று. ஃபயர் ஆனபின் கேப்பின் மேல் இருப்பது ஆர்க்கின் 15 வோல்ட்தான். வோல்டேஜை மட்டும் பார்க்கும் ஸ்விட்ச் உடனே திறந்து, மறுபடி மூடி, படபடவென்று அடித்துக்கொள்ளும். பற்றுவது வோல்டேஜால், அணைவது கரண்டால். கண்ட்ரோல் வோல்டேஜாக, கேப்பின் வோல்டேஜோடு கரண்டின் 1000 மடங்கைக் கூட்டிக் கொடுங்கள், இரண்டுக்கும் ஆப்சல்யூட் மதிப்பு எடுத்து. ஆஃப் எல்லையை 50 வோல்ட்டில் வைத்தால், கரண்ட் 35 மில்லியாம்பியருக்குக் கீழே இறங்கினால்தான் அணையும். சோர்ஸ் இம்பிடன்ஸ் போட்டீர்களா? போடுங்கள்.

48 வோல்ட் டி.சி. லைனில் ஜி.டி.டி. போட்டால், சர்ஜ் போன பிறகும் அணைய மறுக்கிறது. மாடலில் என்ன கோளாறு?

மாடலில் கோளாறு இல்லை, டிசைனில்தான். சப்ளை 48, ஆர்க்குக்கு 15 போதும். சில ஆம்பியர் தரக்கூடிய சப்ளை என்றால் நிஜத்திலும் டியூப் எரிந்துகொண்டே இருக்கும். தொடரில் ஒரு எம்.ஓ.வி. (வோல்டேஜ் குறைந்தால் கரண்டை அடைக்கும் வேரிஸ்டர்) போடுங்கள்.

காற்றுக்கு மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட் என்றால், 30 மைக்ரான் இடைவெளி 90 வோல்ட்டில் உடையுமா?

உடையாது. அந்த 3 கிலோவோல்ட் கணக்கு சென்டிமீட்டர் அளவு இடைவெளிக்கு. 1 மில்லிமீட்டருக்கே 4.5 கிலோவோல்ட் ஆகும். இடைவெளிக்கும் உடையும் வோல்டேஜுக்கும் உள்ள தொடர்பாக இயற்பியலாளர் பாஷன் 1889-இல் வெளியிட்ட வளைவைப் பாருங்கள்: காற்றுக்குக் குறைந்தபட்சமே 330 வோல்ட் அளவில். உங்கள் 30 மைக்ரானுக்கு 400 வோல்ட் வாக்கில் வரும்.

சர்க்யூட் பிரேக்கர் ஆர்க்குக்கும் இதே ஸ்விட்ச் போதுமா?

போதாது. காஸி (1939), மேயர் (1943) ஆகியோரின் ஆர்க் சமன்பாடுகளைப் படியுங்கள். கரண்ட் பெரிதாக ஓடும்போது முன்னது, பூஜ்யத்தை ஒட்டிப் பின்னது.

டெஸ்லா காயில் சிமுலேஷனில் செகண்டரியில் 3 மெகாவோல்ட் வருகிறது. பிரைமரி 10 நானோஃபாரட், 10 கிலோவோல்ட். செகண்டரி 20 பிகோஃபாரட். சந்தோஷப்படலாமா?

உங்கள் கெப்பாசிட்டரில் இருப்பது அரை ஜூல். அது ஒரு துளி சிந்தாமல் செகண்டரிக்குப் போனாலும் 224 கிலோவோல்ட்டைத் தாண்டாது. 20 பிகோஃபாரடில் 3 மெகாவோல்ட் என்றால் 90 ஜூல். மீதி எங்கிருந்து வந்தது? சோர்ஸ் இம்பிடன்ஸ் இல்லாத சப்ளை, இழப்பே இல்லாத காயில்கள், கரண்ட் ஓடும்போதே திறக்கும் ஸ்பார்க் கேப்: மூன்றும் உங்கள் நெட்லிஸ்டில் இருக்கின்றன. திருத்திவிட்டு, மேக்ஸிமம் டைம்ஸ்டெப்பை ரெசனன்ஸ் காலத்தில் நூறில் ஒரு பங்காக வைத்து மறுபடி ஓட்டுங்கள்.