இரண்டு பெட்டிக்கும் ஒரே கேபிள் போதுமா?

வணக்கம் வேளச்சேரி நண்பரே. மொட்டை மாடியில் டாடா பிளே டிஷ் இருக்கிறது, அம்மாவுக்காக டிடி ஃப்ரீ டிஷ் பெட்டியும் வாங்கிவிட்டீர்கள், ஒரு ஸ்ப்ளிட்டர் (ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பான்) போட்டு இரண்டையும் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

டாடா பிளே வருவது 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே உள்ள செயற்கைக்கோள்களிலிருந்து. ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட் 15-லிருந்து. சென்னையில் நின்று பார்த்தால் முதலாவது ஏறக்குறைய நேர் தெற்கு, இரண்டாவது தென்கிழக்கு. அதனால் பழைய டிஷ்ஷைத் திருப்பினால் கட்டணச் சேனல்கள் போய்விடும். திசை ஒன்றாகவே இருந்தாலும் ஸ்ப்ளிட்டர் சிக்கல்தான்: பெட்டி 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எல்என்பி-யிடம் (டிஷ்ஷின் முன்னால் இருக்கும் சிக்னல் வாங்கி) எந்த அலை வேண்டும் என்று சொல்கிறது. இரண்டு பெட்டிகள் ஒரே கம்பியில் வேறு வேறு வோல்ட் அனுப்பினால் பாதிச் சேனல்கள் வராது. என் வீட்டில் இப்படிச் செய்து இரண்டு நாள் வீணானது.

கட்டணக் கார்டை ஃப்ரீ டிஷ் பெட்டியில் செருகுவதும் பலிக்காது. அது தன் பெட்டியோடு பிணைக்கப்பட்டது.

சின்ன டிஷ் ஒன்று தனியாக வாங்கி, தென்கிழக்கே சுமார் 68 டிகிரி உயர்த்தி வையுங்கள். தனிக் கேபிள், டிவியில் இன்னொரு எச்டிஎம்ஐ. மாதக் கட்டணம் கிடையாது, அம்மாவுக்கு டிடி தமிழ் வந்துவிடும். ஆனால் பெரிய தமிழ்க் கட்டணச் சேனல்களை அதில் எதிர்பார்க்காதீர்கள், அவற்றுக்குப் பழைய சந்தா இருக்கட்டும். அப்புறம், வடகிழக்குப் பருவமழைக்கு முன் போல்ட்டை இறுக்கி, கேபிள் முனையை டேப் சுற்றிவிடுங்கள்.