குடிநீர்த் தர விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று சட்டமன்றம் கண்காணிக்கிறதா? சாதாரண ஆள் அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். நான் இதை விசாரிக்கப் போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ராதாபுரம் பக்கம் எங்கள் ஊர். போர் தண்ணி உப்புக் கரிக்கும். தாமிரபரணி உறைகிணற்றிலிருந்து குழாயில் வருவதைத்தான் நல்ல தண்ணி என்போம். சித்தி மகனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட பதிவேட்டைப் பார்க்கப் போனேன். ஒரு நாள் விடாமல் கையெழுத்து இருந்தது. ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி உண்டு. எங்கள் மதினியும் அதில் ஒருத்தி. கடைசித் தெருக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் பார்க்கிற சொட்டை விட்டாள். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். மஞ்சள் நிறம் ஏறவே இல்லை. காமாலைக்கு அதுதான் காரணமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதிவேடு ஒன்று சொல்ல, தண்ணீர் வேறு சொன்னது.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்த தரம் ஐ.எஸ். 10500:2012. 100 மி.லி. தண்ணீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஆனால் குழாய்த் தண்ணீருக்கு இந்தத் தரம் சட்டப்படி கட்டாயமில்லை. எனக்குப் பெரிய வருத்தமே இதுதான். 2003-இல் குளிர்பானத்தில் பூச்சிமருந்து என்று பேச்சு வந்ததும் நாடாளுமன்றம் கூட்டுக்குழு அமைத்தது, 2004-இல் அறிக்கையும் வந்தது. தினமும் குடத்தில் பிடிக்கிற தண்ணீருக்கும் அந்த அக்கறை வேண்டும். தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால் நம் சட்டமன்றமே இதற்குச் சட்டம் போடலாம்.

இன்றைக்கே கைக்கு எட்டுகிற வழி சட்டமன்றக் குழுக்கள்தான். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தணிக்கை அறிக்கையை வைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்பது பொதுக் கணக்குக் குழு. நமக்கு நேரடியாக உதவுவது மனுக்கள் குழு. அது மாவட்டத்துக்கு வருமுன் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்திக் குறிப்பு வரும், பேப்பரில் ஒரு மூலையில் கிடக்கும், தவறவிட்டுவிடாதீர்கள். மனு தமிழில் இருக்க வேண்டும். எத்தனை நகல், எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் அந்தக் குறிப்பிலேயே இருக்கும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். கோர்ட்டில் வழக்கு நடக்கிற விஷயத்தை எடுக்க மாட்டார்கள். அதனால் "எங்கள் ஊரில் தண்ணி சரியில்லை" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் தெரு, எந்தத் தேதி, சோதனையில் என்ன தெரிந்தது, பதிவேட்டில் என்ன எழுதியிருந்தது, இவ்வளவையும் எழுதுங்கள். அப்போதுதான் எதிரே நிற்கிற பொறியாளரிடம் உறுப்பினர்கள் கேட்க ஒரு கேள்வி இருக்கும்.

சனிக்கிழமைதோறும் மதினி மூன்று தெருக் குழாயிலும் சொட்டு விட்டுப் பார்க்கிறாள், நான் நோட்டில் குறித்துக்கொள்கிறேன். குழு அடுத்து திருநெல்வேலிக்கு வரும்போது அந்த நோட்டின் நகலையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறோம்.