கடைவாய்ப் பல் போன இடம்

ஐயா, வணக்கம்.

எனக்கு 54 வயது. கீழ்த்தாடையில் வலப்பக்கம், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். ரூட் கெனால் செய்து கேப் போட்டிருந்தேன். வேர் பிளந்துவிட்டதால் நான்கு மாதத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள். பக்கத்துப் பற்கள் இரண்டிலும் சொத்தை இல்லை, அடைப்பும் இல்லை. சர்க்கரை உண்டு; மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4. உடனே இம்பிளான்ட் (தாடை எலும்பில் டைட்டானிய மரையைப் பதித்து அதன்மேல் வைக்கும் பல்) வைக்காவிட்டால் எலும்பு கரைந்து மற்ற பற்களும் ஆடிவிடும் என்கிறார் ஒரு மருத்துவர். பக்கத்துப் பற்கள் இரண்டையும் பிடித்து, மூன்று கேப்பை ஒன்றாகச் சேர்த்து மாட்டும் பிரிட்ஜ் போதும் என்கிறார் இன்னொருவர். அண்ணனோ, 'கடைசிப் பல்தானே, அப்படியே விட்டுவிடு' என்கிறார். எதைக் கேட்பது?

எஸ்., ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். பல் எடுத்த இடத்தில் எலும்பு கரையும் என்பது உண்மை. முதல் ஆண்டில் அந்த மேட்டின் அகலம் பாதி வரைகூடக் குறையலாம். அதில் பெரும்பங்கு முதல் மூன்று நான்கு மாதங்களிலேயே நடந்துவிடும். அந்தக் காலத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள். இனி மூன்று மாதம் பொறுத்தால் பெரிதாக ஒன்றும் போய்விடாது. அந்த ஒரு குழி கரைவதால் வாயிலுள்ள மற்ற பற்கள் ஆடிவிடாது. பற்களை ஆட்டுவது ஈறு நோய்.

உங்கள் அண்ணன் சொல்வது ஏழாவது பல்லுக்குப் பொருந்தும். நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் ஆர்ன்ட் கைசர் 1981-லேயே இதை ஆராய்ந்து எழுதினார்: பின்பற்கள் சில குறைந்தாலும், மீதியுள்ளவை மேலும் கீழும் ஒழுங்காகச் சேர்ந்தால் பலருக்கு மெல்லுவதில் குறை தெரிவதில்லை. ஆனால் நீங்கள் இழந்தது ஆறாவது பல். ஆறு வயதில் முளைத்து, அரைக்கும் வேலையில் பெரும்பகுதியைச் சுமந்த பல் அது. அதற்குப் பின்னால் ஏழாவது பல் நிற்கிறது. இடைவெளி கிடைத்தால் அது முன்பக்கம் சாயும். எதிரே உள்ள மேற்பல் மெல்லக் கீழே இறங்கும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை; ஆகிறவர்களுக்கும் மெதுவாகத்தான் ஆகும். ஆனபின் சரிசெய்வது கடினம். இப்போதே ஒரு அச்சோ படமோ எடுத்து வைத்து, ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டால் உங்கள் வாயில் நடப்பது தெரிந்துவிடும்.

பிரிட்ஜா இம்பிளான்டா என்பதை அடுத்துள்ள பற்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்தும் ஏழும் ஏற்கெனவே ரூட் கெனால் செய்து கேப் போட்டவையாக இருந்தால் பிரிட்ஜ் போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். உங்களுடையவை பழுதில்லாத பற்கள். பிரிட்ஜுக்காக அவற்றின் மேற்புறத்தில் ஏறக்குறைய 2 மி.மீ.யும் சுற்றிலும் 1 மி.மீ.க்கு மேலும் செதுக்க வேண்டும். செதுக்கிய பல்லின் நரம்பு சில ஆண்டுகளில் செத்துப்போகலாம். ஒன்றின் கேப்புக்கு அடியில் சொத்தை புகுந்தாலும் மூன்றையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். ஒரு பல்லுக்காக நல்ல பற்கள் இரண்டைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு இம்பிளான்ட்தான் சரி. ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

8.4 என்ற அளவில் புண் ஆறுவதும் தாமதமாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். டைட்டானியம் எலும்போடு இறுகப் பிணைந்துகொள்ளும் என்பதை ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற மருத்துவர் 1950-களில் முயலின் கால் எலும்பில் கண்டார். 1965-ல் முதல் மனிதருக்கு வைத்தார். மரை எவ்வளவு உயர்ந்ததானாலும் அந்தப் பிணைப்பை உண்டாக்குவது உங்கள் எலும்புதான். சர்க்கரையை 7-ஐ ஒட்டிக் கொண்டுவாருங்கள். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரானிக் ஊசியோ எடுத்திருந்தால் பல் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். தாடை எலும்பு அழுகும் ஆபத்து அதில் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

இன்னொரு கேள்வியை யாரும் உங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை: அந்த வேர் ஏன் பிளந்தது? தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் அதே விசை இம்பிளான்ட் மேலும் விழும். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு உண்டு. அழுத்தினால் பல் சற்றே அமுங்கும். இம்பிளான்ட்டுக்கு அது கிடையாது. அதனால் புதுக் கேப், லேசாகக் கடிக்கும்போது நடுவில் வைத்த மெல்லிய தாள் உருவிக்கொண்டு வரும்படியும், அழுத்திக் கடித்தால் மட்டும் பிடிக்கும்படியும் இருக்க வேண்டும். இரவில் கடிப்பவர்கள் பல்லின்மேல் மாட்டும் காப்புறையான நைட் கார்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை அடங்கியதும், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் அகலம் தெரியாது. 5 மி.மீ. தடிமனுள்ள இம்பிளான்ட் வைக்க ஏறக்குறைய 7 அல்லது 8 மி.மீ. அகல எலும்பு வேண்டும். இரு பக்கப் பற்களிலிருந்தும் 1.5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கீழே ஓடும் நரம்புக்கு மேல் 2 மி.மீ. விட்டுவிட வேண்டும். 10 மி.மீ. நீளம் வைப்பதென்றால் நரம்புக்கு மேல் 12 மி.மீ. உயரம் தேவை. குறைந்தால் குட்டையான இம்பிளான்ட், அல்லது எலும்புத் தூள் வைத்து மேடேற்றுவது. நரம்பு நசுங்கினால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும். ஊசியின் மரப்பு அடங்க வேண்டிய நேரம் கடந்தும் மரப்பு இருந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதல் ஒன்றரை நாளுக்குள் இம்பிளான்ட்டை எடுத்துவிட்டால்தான் நரம்பு மீள நல்ல வாய்ப்பு.

துளையிடும்போது குளிர்ந்த சலைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதமாகும். கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதம் காத்திருந்து கேப் போடுவார்கள். ஸ்குரூவில் முடுக்கும் கேப்பையே கேளுங்கள். சிமெண்ட்டில் ஒட்டும் கேப்பில் ஈறுக்கடியில் சிமெண்ட் துணுக்கு தங்கி, பிறகு அதைச் சுற்றி எலும்பு கரைவதுண்டு. சில மாதம் கழித்துக் கேப் ஆடினால் இம்பிளான்ட் போய்விட்டது என்று பதறாதீர்கள். பெரும்பாலும் உள்ளே ஸ்குரூ தளர்ந்திருக்கும், முடுக்கினால் சரியாகிவிடும். ஆடுகிறதென்று தெரிந்தும் அதிலேயே மென்றால் ஸ்குரூ முறியும், அதை எடுப்பது பெரும்பாடு.

டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. சுற்றியுள்ள ஈறுக்குச் சீழ் வரும், வலியே இல்லாமல் வரும். பல்லிடுக்குப் பிரஷ்ஷைத் தினமும் பயன்படுத்துங்கள். கேப் போட்ட அன்று ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொண்டால் பிற்பாடு ஒப்பிட உதவும்.

பணம் பேசும்போது சொல்லும் தொகையில் மரை, அதையும் கேப்பையும் இணைக்கும் அபட்மென்ட், கேப் மூன்றும் அடக்கமா என்று கேளுங்கள். இம்பிளான்ட்டின் நிறுவனப் பெயர், தடிமன், நீளம் குறித்த அட்டையையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் ஸ்குரூ தளர்ந்தால், எந்தச் சாவி பொருந்தும் என்பது அந்த அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

சர்க்கரை இறங்காமலே போனால் இடைவெளியை அப்படியே விட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பல்லைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் செட் மட்டும் வேண்டாம். சிறியது, தவறினால் தொண்டைக்குள் போய்விடும். ஸ்கேன் எடுத்ததும் அகலத்தையும் உயரத்தையும் எழுதி அனுப்புங்கள்.