நடுநிலை நாட்டில் பங்கர் எதற்கு?

தம்பி, சுவிஸ் நேட்டோ இராணுவக் கூட்டணியில் இல்லையே, சண்டை பரவினால் யார் காப்பாற்றுவது, மகனை ஆமிக்குக் கூப்பிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

1815இல் வல்லரசுகள் ஏற்றுக்கொண்ட சுவிஸின் நடுநிலை ஆயுதம் ஏந்திய நடுநிலை. கூட்டணியில் சேராத நாட்டுக்கு உதவிக்கு வர எவருக்கும் கடமை இல்லை. உங்கள் கெல்லரில் (நிலவறையில்) உள்ள பங்கருக்கும் அதன் கனத்த கொங்கிரீட் கதவுக்கும் காரணம் அதுதான். அங்கே சாமான் வைக்கலாம். ஆனால் சுவரில் துளை போடாதீர்கள், காற்று வடிகட்டியைக் கழற்றாதீர்கள். உத்தரவு வந்தால் ஐந்து நாளில் காலி செய்து கொடுக்க வேண்டும்.

பெப்ரவரி முதல் புதன் 13.30க்குச் சைரன் ஊதினால் அது சோதனை. வேறு நேரத்தில் ஏறி இறங்கும் சத்தம் ஒரு நிமிடம் கேட்டால், எங்கள் ஆட்கள் ஊரில் போர்க்காலத்தில் இருந்த பழக்கத்தில் பங்கருக்கு ஓடப் பார்ப்பார்கள். அது பிழை. றேடியோவைப் போடுங்கள், அலேர்ட்சுவிஸ் என்ற அரச எச்சரிக்கைச் செயலியைப் பாருங்கள், சொன்னபடி செய்யுங்கள். அணைக்கட்டுக்குக் கீழே குடியிருந்தால் மட்டும் கதை வேறு: தாழ்ந்த தொனியில் 12 தடவை ஊதினால் உடனே வெளியேற வேண்டும்.

மகனிடம் வதிவிட அனுமதி மட்டும் இருக்கும்வரை ஆமி இல்லை. இளவயதில் பிரஜாவுரிமை எடுத்தால் கடமை வரும். மனச்சாட்சி இடம்கொடாவிட்டால் சிவில் சேவை, அதற்கு ஒன்றரை மடங்கு நாள். சேவை செய்யாதவர் வருமானத்தில் 3 வீதம், குறைந்தது 400 பிராங் வரி கட்டுவார். குடும்பக் கணக்கில் இதை மறந்துவிடுகிறார்கள்.

நேட்டோவோடு உறவே இல்லை என்பதும் சரியல்ல. 1996இலிருந்து சுவிஸ் நேட்டோவின் சமாதானப் பங்காளித் திட்டத்தில் இருக்கிறது. 1999இலிருந்து கொசோவோவில் நேட்டோ தலைமையிலான படையில் சுவிஸ் ஆட்கள் நிற்கிறார்கள். அதேநேரம் உக்ரைன் போரில், சுவிஸில் செய்த குண்டுகளை ஜேர்மனி உக்ரைனுக்குக் கொடுக்க அனுமதிக்கவில்லை. அயலவர்கள் இன்னும் அதைக் குத்திக் காட்டுகிறார்கள். 2023இல் ஐரோப்பிய வான் பாதுகாப்புத் திட்டத்தில் சேர விருப்பம் தெரிவித்துக் கையெழுத்திட்டது.

ஒஸ்ரியாவும் லீக்டன்ஸ்ரைனும் தவிர எல்லை முழுக்க நேட்டோ நாடுகள்தான். அதனால் தரைப்படை வரும் என்பதைவிட ஏவுகணை, இணையத் தாக்குதல், மின்வெட்டுத்தான் கவலை. வானம்தான் பலவீனம். 2014இல் கடத்தப்பட்ட எதியோப்பிய விமானம் விடியமுன் ஜெனீவாவுக்கு வந்தபோது, சுவிஸ் விமானப்படைக்கு அலுவலக நேரம் தொடங்கவில்லை. இத்தாலி, பிரான்ஸ் விமானங்கள்தான் கூட வந்தன. 24 மணிநேரக் காவல் 2020 முடிவில்தான் முழுமையானது.

நீங்கள் செய்ய வேண்டியது, ஆளுக்கு 9 லீற்றர் தண்ணீர், ஒரு கிழமைச் சாப்பாடு, பற்றரி றேடியோ. அரிசி எல்லா வீட்டிலும் இருக்கும். இங்கே அடுப்பு கரண்டில் ஓடுவதால் சின்னக் காஸ் அடுப்பொன்றும் வாங்கி வையுங்கள்.