பங்கில் எழுதுவோர் கூடி விமர்சிப்பது எப்படி?

கேள்வி: மன்னார் அடம்பன் பகுதியில் எங்கள் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த ஐந்தாறு பேர் கதை, கவிதை, கூத்து எழுதுகிறோம். ஞாயிறு பூசை முடிந்து கூடி வாசித்தால், எல்லோரும் “நல்லாயிருக்கு” என்று சொல்லிக் கலைந்துவிடுகிறார்கள். ஒருமுறை குறை சொன்னவர், எழுதியவரின் விசுவாசத்தையே பழித்ததாக மனத்தாங்கல் வந்துவிட்டது. பங்குத்தந்தையைத் தலைவராக்கினால் சரிவருமா?

பதில்: தலைவராக்க வேண்டாம். அவர் எழுதுகிறவரானால், மற்றவர்களைப் போலத் தாமும் ஒரு பிரதியோடு வந்து அமரட்டும். அவர் தலைமை தாங்கும் இடத்தில், அவருடைய கருத்துத் தெரியும்வரை வேறெவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது நம் பங்குகளை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. அவரிடம் சொல்லிவிட்டு மறைக்கல்வி வகுப்பறையைக் கேட்டு வாங்கினால் போதும். பூசை முடிந்த அவசரத்தில் கூடாமல், மாதம் ஒரு பிற்பகலை அதற்கென ஒதுக்குங்கள்; நெல் வெட்டுக் காலத்தில் விட்டுவிடலாம்.

உங்கள் சிக்கலின் வேர், எழுதப்பட்ட பொருளின் புனிதம் எழுத்துக்கும் காவலாக நின்றுவிடுவதுதான். மகனை இழந்த தாய் மடு மாதா ஆலயத்துக்குப் போகிறாள், அன்னையின் பாதத்தில் அழுகிறாள், மனம் இலேசாகித் திரும்புகிறாள் என்று ஒரு கதை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “இது உண்மையான பக்தியில்லை” என்று சொல்வது எழுதியவரைத் தீர்ப்பிடுவது. “அருமை” என்பதோ அவரைக் கைவிடுவது. “பேருந்தால் இறங்கியவள் ஆலய வாசலை அடைவதற்குள் அவள் மனத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் கடைசிப் பந்தியை நம்ப முடியவில்லை” என்று சொன்னால், திருத்துவதற்கு ஓர் இடம் அவருக்குக் கிடைக்கிறது. அதே கதை 2008 ஏப்ரல் கடைசியில் நடப்பதாக இருந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும்: அந்த மாதத் தொடக்கத்திலேயே மடு அன்னையின் திருச்சொரூபம் போரினால் ஆலயத்தை விட்டுத் தேவன்பிட்டி என்ற ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டது. வன்னி வாசகர் அதை மறந்திருக்கமாட்டார்.

பிரதிகளை ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். முதன்முறை காதால் கேட்டவுடன் சொல்லப்படும் கருத்து பெரும்பாலும் மரியாதைக் கருத்தாகவே இருக்கும். பேச்சு நடக்கும்போது எழுதியவர் விளக்கம் சொல்லாமல் குறிப்பெடுக்க வேண்டும். அவருடைய முறை கடைசியில் வரும். கூத்துப் பிரதிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. தரு, விருத்தம் ஆகிய கூத்துப் பாடல்கள் தாளில் சரியாகத் தோன்றிப் பாடும்போது இடறும் என்பதால், கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரையோ பாடத் தெரிந்தவரையோ அழைத்துப் பாடவைத்துக் கேளுங்கள்.

இன்னொன்று, நம் ஊர்களுக்கே உரியது. இறுதி யுத்தத்தைப் பற்றி எழுதும்போது அயல்வீட்டாரின் இழப்பும் கதைக்குள் வந்துவிடுகிறது. அடையாளம் தெரியுமாறு எழுதியிருந்தால், குழுவில் வாசிக்குமுன் அந்தக் குடும்பத்திடம் கேட்டுவிட வேண்டும். குழுவில் வாசித்த எதையும் வட்ஸ்அப்பில் பகிரக்கூடாது. இதில் நான் தளர்வு காட்டமாட்டேன்.

பிரதியில் திருச்சபைப் போதனைக்கு முரணானது இருப்பதாக ஒருவருக்குத் தோன்றினால், தனியே குறித்துக் கொடுக்கலாம். அதைத் தீர்ப்பது குழுவின் வேலையல்ல. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி செப நூல்களுக்கும் மறைக்கல்வி நூல்களுக்கும் ஆயரின் அனுமதி வேண்டும். சிறுகதைக்கும் கவிதைக்கும் பொதுவாக அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆனால் சமயம் அல்லது ஒழுக்கம் பற்றிய எழுத்தை ஆலயத்துக்குள் விற்கவோ விநியோகிக்கவோ விரும்பினால், முன்னரோ பின்னரோ திருச்சபை அதிகாரியின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். உங்களுக்கு அது மன்னார் ஆயர் இல்லம். கிளிநொச்சி நண்பர்கள் சேர்ந்தால் அவர்களுக்கு யாழ்ப்பாணம். மடுவின் ஆவணித் திருவிழாவுக்குத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், அச்சகத்துக்குக் கொடுத்த பிறகல்ல, தட்டச்சுப் பிரதி கையில் இருக்கும்போதே அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.