குழம்பு கொதித்தது, பச்சடி கொதிக்கவில்லை

கேள்வி: சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கி, மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டு நான்கு முறை அலசி, குழம்பை அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டேன். மறுநாள் இரவு என் நான்கு வயது மகனுக்கும் மாமனாருக்கும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, மூன்று நாள் படாத பாடு பட்டோம். குழம்பை வீட்டில் எல்லோரும்தான் சாப்பிட்டோம். வெங்காயப் பச்சடியை மட்டும் அவர்கள் இருவர்தான் சாப்பிட்டார்கள். வெங்காயத்தைக் கறி நறுக்கிய பலகையிலேயே நறுக்கினேன் என்றாலும், அதற்குமுன் பலகையையும் கத்தியையும் தண்ணீரில் அலசியிருந்தேன். கறிக்கடைக்காரர் கெட்டுப்போன கோழியைக் கொடுத்துவிட்டார் என்கிறார் என் மாமியார். தவறு எங்கே நடந்தது?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: மலப் பரிசோதனை செய்யாமல் இன்ன கிருமிதான் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. எனினும், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் பச்சடியின் மேல்தான் விழுகிறது. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் நோயின் அறிகுறியே இல்லாத கோழியின் குடலிலும் இருக்கக்கூடியவை என்பதால், அன்று காலை உரித்த கோழியிலும் அவை இருக்கலாம். கடைக்காரரைக் குறைசொல்ல இது மட்டும் போதாது. கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் அவை மடிந்துவிடும். அரை மணி நேரம் கொதித்த குழம்பில் அவை பிழைத்திருக்க வழியில்லை. அடுப்பைக் காணாத வெங்காயத்துக்கோ அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கத்தி கீறிய பலகையின் கோடுகளில் கறியின் கொழுப்பும் நீரும் தங்கிவிடுகின்றன. வெறும் தண்ணீர் அந்தக் கொழுப்பை அசைப்பதே இல்லை. சோப்பு போட்டுத் தேய்த்தால்தான் கொழுப்பு பிரிந்து, அதோடு ஒட்டியிருக்கும் கிருமியும் போகும். மஞ்சளும் உப்பும் கவிச்சியைக் குறைக்குமே தவிர, சமையலறையில் நாம் போடும் அளவுக்கு அவை கிருமியைக் கொல்வதில்லை. ஆகவே பச்சடிக்கும் கொத்தமல்லிக்கும் ஒரு பலகை, கறிக்கு வேறொரு பலகை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாங்க வசதிப்படாவிட்டால், பச்சையாகச் சாப்பிடுபவற்றை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டு, கறியைக் கடைசியில் எடுங்கள்.

கோழியைக் கழுவவே கூடாது என்பது அமெரிக்க, பிரிட்டன் உணவுத் துறைகளின் அறிவுரை. தண்ணீர் தெறிக்கும் இடமெல்லாம் கிருமியும் தெறிக்கும் என்பதே காரணம். கடையின் மரக்கட்டையில் வெட்டிய கறியில் எலும்புத் தூளும் இறகும் ஒட்டி வரும் நம் ஊரில், கழுவாமல் சமையுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்பதை நான் அறிவேன். குழாயை வேகமாகத் திறந்துவிடாமல், அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் கறியை மூழ்கவைத்து மெதுவாக அலசி, அந்த நீரைத் தெறிக்காமல் ஊற்றிவிட்டுத் தொட்டியைச் சோப்பால் தேய்த்துவிடுங்கள்.

இனி, நான் மிகவும் அஞ்சுகிற இடத்துக்கு வருகிறேன். லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துப் புழங்கும் வீடுகள் உங்கள் பகுதியில் ஏராளம். கறி பிசைந்த கையோடு டிரம்முக்குள் மக்கை விட்டுத் தண்ணீர் மொள்ளும்போது, மக்கின் கைப்பிடியும் விரல்நுனியும் நீரில் படுகின்றன; பிறகு பாத்திரம் துலக்குவதும் பிள்ளை வாய் கொப்பளிப்பதும் அதே தண்ணீரில்தான். மிளகாய்த்தூள் டப்பாவின் மூடி, மிக்ஸியின் சுவிட்ச், கைப்பேசி ஆகியவற்றுக்கும் இதே கதிதான். கறிப் பையைப் பிரிப்பதற்கு முன்பே மசாலாவைக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவும்போது மற்றொருவர் ஊற்றட்டும். நகக்கண், விரலிடுக்கு, மோதிரத்தின் அடி எல்லாம் சேர்த்து 20 வினாடி தேய்த்தபின், அதற்கென்றே வைத்த துணியில் துடையுங்கள். அடுப்படிக் கரித்துணியில் துடைத்தால் கழுவியது வீண்.

சிறு பிள்ளைக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ பிள்ளை துவண்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: புளியந்தோப்பில் சிறிய கறிக்கடை வைத்திருக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டால் போதாதா?
– ஒரு வாசகர்

பதில்: போதாது, ஐயா. கறி வெட்டிய கையுறையோடு ரூபாய் நோட்டை வாங்கிச் சில்லறை கொடுத்தால், வெறுங்கைக்கும் அதற்கும் வேறுபாடில்லை. உள்ளே கை ஈரமாகாமல் இருப்பதால் கழுவவேண்டும் என்ற நினைப்பும் வராமல் போகிறது. கொழுப்புப் படிந்த கையில் சானிடைசரும் சரியாக வேலை செய்யாது. வெட்டுபவர் ஒருவர், பணம் வாங்குபவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. தனி ஆளாக இருந்தால், வாடிக்கையாளரே பணத்தைப் பெட்டியில் போட்டு மீதியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழாய் வைத்த தண்ணீர் டிரம் ஒன்றும் சோப்பும் கட்டைக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.